சிமோனா ஹாலெப்: கோப்பைக் கணக்கில் சிக்காத ஆட்டக்காரர்

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. ருமேனிய டென்னிஸ் வீராங்கனை ஹாலெப் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரரா, அல்லது அமெரிக்காவின் செரீனா வில்லியம்ஸ் ஓய்ந்திருந்த நேரத்தில் உலகத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தவரா என்பது ஒன்று. ஊக்கமருந்து வழக்கு கடைசியில் என்ன ஆனது, அவர் குற்றவாளியா இல்லையா என்பது மற்றொன்று.

சுருக்கமான பதில் வேண்டுவோருக்கு: பெரிய ஆட்டக்காரர்தான். வழக்கில் விதிமீறல் நடந்தது என்பது இறுதிவரை மாறவில்லை. ஆனால் கலப்படமான ஊட்டச்சத்துப் பொடி வழியாகத்தான் மருந்து உடலுக்குள் போயிருக்க அதிக வாய்ப்பு என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஏற்றது. நான்கு ஆண்டுத் தடையை ஒன்பது மாதமாகக் குறைத்தது. இரண்டாவது குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. விவரம் வேண்டுவோர் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில் கணக்கு. ஒற்றையர் பட்டங்கள் 24. அவற்றில் ஒன்பது, ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலையிலுள்ள ஆயிரம் புள்ளிப் போட்டிகள். கிராண்ட்ஸ்லாம் இறுதி ஐந்து. வென்றது இரண்டு, 2018 பிரெஞ்சு ஓபனும் 2019 விம்பிள்டனும். முதலிடத்தில் மொத்தம் 64 வாரங்கள். 2017, 2018 இரண்டு ஆண்டின் முடிவிலும் முதலிடம். பரிசுப்பணம் 4 கோடி டாலரைத் தாண்டியது. இதிலெல்லாம் எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண்: 2014 ஜனவரியிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை தொடர்ந்து 373 வாரங்கள் முதல் பத்துக்குள் இருந்திருக்கிறார். ஏழு ஆண்டுக்கு மேல்! இந்தக் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் வென்ற பலர் அடுத்த ஆண்டே இருபதுக்கும் நாற்பதுக்கும் இறங்கிப் போனார்கள். அவருடைய தரத்தைக் கோப்பை எண்ணிக்கையைவிட இந்த எண்தான் சரியாகக் காட்டுகிறது.

ருமேனியாவின் டென்னிஸ் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அங்கே அவருக்கு ஏன் அவ்வளவு கொண்டாட்டம் என்பது புரியும். இலியே நாஸ்டாசேவும் இயோன் சிரியாக்கும் சேர்ந்து 1969, 1971, 1972 ஆகிய மூன்று ஆண்டுகள், ஆண்களுக்கான நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டியான டேவிஸ் கோப்பையின் இறுதிக்கு நாட்டைக் கொண்டுபோனார்கள். மூன்றிலும் அமெரிக்காவிடம் தோல்வி. மூன்றாவது, சொந்த ஊர் புக்கரெஸ்டிலேயே. 1973 ஆகஸ்டில் ஆண்களுக்கான கணினித் தரவரிசை முதன்முதலாக வெளியானபோது முதலிடத்தில் இருந்தவர் நாஸ்டாசே. பெண்களில் விர்ஜீனியா ரூசிச் 1978இல் பிரெஞ்சு ஓபனை வென்றார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டு வறட்சி. அந்த வறட்சியை முடித்துவைத்த ஹாலெப்பின் மேலாளராக இருந்தவரும் அதே ரூசிச்தான்.

ஹாலெப் பிறந்தது 1991 செப்டம்பர் 27, கருங்கடல் ஓரத் துறைமுக நகரமான கான்ஸ்டான்ட்சாவில். அப்பா முன்னாள் கால்பந்து வீரர். பிறகு பால்பொருள் தொழில் நடத்தியவர். அண்ணன் டென்னிஸ் ஆடப் போனதைப் பார்த்து நான்கு வயதில் மட்டையைத் தூக்கினார். பதினாறு வயதில் பயிற்சிக்காகப் புக்கரெஸ்டுக்குக் குடிபெயர்ந்தார். 2008இல் பிரெஞ்சு ஓபன் இளையோர் பட்டம் வென்றார். இறுதியில் எதிரே நின்ற எலெனா போக்டனும் ருமேனியர்தான். அடுத்த ஆண்டு, முதுகு வலியும் அசைவில் தாமதமும் தாங்க முடியாமல் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதை அவர் மறைக்கவில்லை. டென்னிஸ் ஆடியிராவிட்டாலும் செய்திருப்பேன் என்றே சொன்னார். அந்த நாளில் பத்திரிகைகள் அதை வைத்து எழுதிய கேலிகளை இப்போது எடுத்துப் படித்தால் எழுதியவர்களே கூசுவார்கள்.

தொழில்முறை ஆட்டத்தில் மேலே வர நேரம் பிடித்தது. 2010, 2011இல் மொராக்கோவின் ஃபெஸ், 2012இல் பிரஸ்ஸல்ஸ் என மூன்று இறுதியாட்டங்களில் தோற்றார். 2013 மே மாதம் ரோமில் தகுதிச்சுற்றிலிருந்து ஆடத் தொடங்கி அரையிறுதிவரை போய்ச் செரீனாவிடம் தோற்றார். அந்த வாரத்துக்குப் பிறகு வேறு ஆளாகிவிட்டார். ஜூனிலிருந்து நவம்பருக்குள் ஆறு பட்டங்கள்: நியூரம்பெர்க், செர்டோகென்பாஷ், புடாபெஸ்ட், நியூ ஹேவன், மாஸ்கோ, சோஃபியா. களிமண், புல், வெளியரங்க ஹார்டு கோர்ட், உள்ளரங்கம் என எல்லா வகைத் தரையும் இதில் அடக்கம். ஒருவர் தன் முதல் ஆறு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றது, 1986இல் ஸ்டெஃபி கிராஃபுக்குப் பிறகு அப்போதுதான்.

இனி ஆட்ட நுட்பம். "குள்ளம், அதனால் சர்வீஸ் பலவீனம்" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு பலவீனம், ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். மைதானத்தின் பின்கோடான பேஸ்லைனிலிருந்து வலை 11.89 மீட்டர். வலையிலிருந்து எதிர்ப்பக்கச் சர்வீஸ் கோடு 6.40 மீட்டர். வலையின் நடு உயரம் 91.4 செ.மீ. அடித்த பந்து நேர்கோட்டில் போய்ச் சர்வீஸ் கோட்டின் மேலேயே விழ வேண்டுமானால், அது வலையைக் கடக்கும்போது இருக்கும் உயரம், அடித்த உயரத்தில் ஏறத்தாழ 35 சதவீதம். ஹாலெப்பின் உயரம் 1.68 மீட்டர். கையையும் மட்டையையும் நீட்டினால் பந்தைத் தொடும் உயரம் சுமார் 2.5 மீட்டர். அதில் 35 சதவீதம் 87 செ.மீ. சொச்சம், வலையே 91 செ.மீ! அதாவது நேர்கோட்டில் அடித்தால் பந்து வலையில்தான் போய் விழும். குதித்து அடிப்பதில் சில சென்டிமீட்டர் கிடைக்கும். மீதியைப் பந்தின் சுழலும் புவியீர்ப்பும்தான் ஈடுகட்ட வேண்டும். 1.85 மீட்டர் உயரமுள்ளவர் 2.8 மீட்டரில் தொடும்போது அதே கோடு வலைக்கு மேலே ஆறேழு சென்டிமீட்டர் இடைவெளியோடு போகிறது. ஆகவே உயரமானவருக்குத் தட்டையாக, வேகமாக அடிக்கும் உரிமை இருக்கிறது. ஹாலெப்புக்கு அது இல்லை. வேகத்தைக் கூட்டினால் முதல் சர்வீஸ் உள்ளே விழும் விகிதம் சரியும். விகிதத்தைக் காப்பாற்ற நினைத்தால் வேகத்தைக் குறைத்துச் சுழலைக் கூட்ட வேண்டும். அவருடைய சர்வீஸ் ஆட்டங்கள் எப்போதும் எதிராளிக்கு வாய்ப்புத் தருவதாகத் தெரிந்தது இதனால்தான்.

இதற்கு அவர் கண்ட வழி, சர்வீஸை வெல்லும் ஆயுதமாகப் பார்க்காமல் புள்ளியைத் தொடங்கிவைக்கும் அடியாக மட்டும் பார்ப்பது. வலப்பக்கக் கட்டத்தில் வெளியே வளையும் சர்வீஸ், எதிராளியின் உடம்பை நோக்கி ஒன்று, இடையிடையே நடுக்கோட்டில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த பந்துக்குத் தன் கால்களை நம்பினார். இழந்ததை எதிராளியின் சர்வீஸில் மீட்டார். ரிட்டர்ன் எடுக்கும்போது பின்வாங்கி நிற்காமல் பேஸ்லைனை ஒட்டி நின்று, மட்டையைக் குறைவாகப் பின்னிழுத்து, வந்த வேகத்தையே திருப்பி எதிராளியின் காலடியில் ஆழமாக வைப்பார். சர்வீஸ் போட்டு முடித்து நிமிர்வதற்குள் பந்து பேஸ்லைனில் வந்து நிற்கும். உயரமான ஆட்டக்காரர்களுக்கு இதைவிட எரிச்சல் தரும் ரிட்டர்ன் கிடையாது.

அடுத்தது அவருடைய இரு கை பேக்ஹேண்ட், குறிப்பாகக் கோட்டை ஒட்டி நேராகப் போவது. குறுக்காக நாலைந்து பந்து பரிமாறும்போது திசையை மாற்றி நேராக அடிப்பது ஆபத்தான வேலை. பந்து வந்த கோணத்தை மாற்ற வேண்டும். கோட்டோரம் வலை நடுவைவிட உயரம். மைதானத்தின் நீளமும் அந்தத் திசையில் குறைவு. பலர் தோதான பந்து வரும்வரை காத்திருந்து அடிப்பார்கள். ஹாலெப் ஓடிக்கொண்டே அடிப்பார். கால் தரையில் சறுக்கி நிற்கும் கணத்திலேயே அடியும் முடிந்திருக்கும். களிமண்ணில் சறுக்குவதை ஹார்டு கோர்ட்டிலும் அப்படியே செய்தார். அந்தச் சறுக்கலுக்கான விலையைக் கணுக்காலும், பின்னர் முழங்காலும் கொடுத்தன.

இவ்வளவும் இருந்தும் பெரிய கோப்பை ஏன் 2018வரை வரவில்லை? இங்கேதான் என் கருத்து பொதுப் பேச்சிலிருந்து விலகுகிறது. சர்வீஸ் காரணம் என்றால் 2018க்குப் பிறகும் வென்றிருக்கக் கூடாது. சர்வீஸ் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. முன்னிலை கிடைத்ததும் பாதுகாப்பு ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார். பிழை செய்தால் தன்னையே திட்டிக்கொண்டு நாலைந்து கேம்களைத் தாரைவார்ப்பார். இந்த இரண்டும்தான் காரணம்.

2014 பிரெஞ்சு ஓபன் இறுதியை இதில் சேர்க்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்ட ஆட்டத்தில் ரஷ்யாவின் மரியா ஷரபோவாவிடம் 6-4, 6-7, 6-4 என்று தோற்றது கௌரவமான தோல்வி. ஷரபோவாவோடு ஆடிய முதல் ஏழு ஆட்டங்களிலும் ஹாலெப் தோற்றிருக்கிறார், அதுவே தனிக்கதை. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் ஆண்டிறுதிப் போட்டியின் பிரிவுச் சுற்றில் செரீனாவை 6-0, 6-2 என்று நொறுக்கினார். அந்த வார இறுதியிலேயே இறுதியாட்டத்தில் அதே செரீனாவிடம் 6-3, 6-0 என்று தோற்றார். திறமையின் உச்சமும் நிலையின்மையும் ஒரே வாரத்தில்.

2015 முடிவில் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் டேரன் கேஹில் முழுநேரமாக வந்தார். அவர் செய்த பெரிய காரியம், விட்டுவிட்டுப் போனது. 2017 மார்ச்சில் மயாமி காலிறுதியில் ஜோஹனா கோன்டாவிடம் முதல் செட்டை வென்றும் ஹாலெப் தோற்றார். அந்த ஆட்டத்தில் அவர் தன்மீதே காட்டிய வெறுப்பைப் பார்த்துவிட்டு, இந்த மனநிலை மாறாமல் தன்னால் வேலை செய்ய முடியாது என்று கேஹில் விலகினார். சில வாரங்களில் ஹாலெப் நடத்தையை மாற்றிக் காட்டியதும் திரும்பி வந்தார். மே மாதம் மாட்ரிட் பட்டம் கைக்கு வந்தது.

ஆனால் மனப்பழக்கம் ஒரு மாதத்தில் போகாது. 2017 பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் ஸ்விடோலினாவிடம் 3-6, 1-5 என்று பின்தங்கி, ஒரு மேட்ச் பாயின்ட்டை (இழந்தால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளி) தப்பித்து, மூன்றாவது செட்டை 6-0 என்று வென்றார். சரி, மாறிவிட்டார் என்று நினைத்தோம். இறுதியில் எதிரே தரவரிசையில் 47ஆம் இடத்திலிருந்த இருபது வயது யெலேனா ஒஸ்தபென்கோ. வென்றால் கோப்பையோடு முதலிடமும் கிடைக்கும். முதல் செட் 6-4, இரண்டாவதில் 3-0 முன்னிலை. அங்கிருந்து தோற்றார்: 4-6, 6-4, 6-3. அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரம் ஒரு பாடப்புத்தகம். ஒஸ்தபென்கோ நேரடியாக வென்ற அடிகள் 54, தானாகச் செய்த பிழைகளும் 54. ஹாலெப்பின் நேரடி வெற்றி அடிகள் வெறும் எட்டு. ஆட்டம் முழுக்க எதிராளியின் மட்டையில்தான் இருந்தது. ஹாலெப் பிழைக்காகக் காத்திருந்தார். பிழை போதுமான அளவு வரவில்லை. மூன்றாவது செட்டில் ஒஸ்தபென்கோவின் பந்து ஒன்று வலையின் மேல்விளிம்பில் தட்டி உள்ளே விழுந்ததை எல்லோரும் துரதிர்ஷ்டம் என்பார்கள். துரதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த ஒரு பந்துக்கு ஆட்டம் தொங்கும்படி விட்டது யார்?

அந்தக் கோடை முழுக்க முதலிடம் கைக்கெட்டி நழுவியது. விம்பிள்டன் காலிறுதியில் மீண்டும் கோன்டா. சின்சினாட்டி இறுதியில் முகுருசாவிடம் 6-1, 6-0. அதை வென்றிருந்தாலும் முதலிடம்தான். கடைசியில் அக்டோபரில் பெய்ஜிங் அரையிறுதியில், பாரிஸில் தன்னை வீழ்த்திய அதே ஒஸ்தபென்கோவை 6-2, 6-4 என்று வென்று, 2017 அக்டோபர் 9 முதல் தரவரிசையின் உச்சியில் அமர்ந்தார். அதே வாரத்தில்தான் ஷரபோவாவையும் முதன்முதலாக வென்றார்.

2018 ஆஸ்திரேலிய ஓபன்தான் திருப்பம். தோற்ற போட்டியைத் திருப்பம் என்கிறேனே என்று கேட்கலாம். முதல் சுற்றிலேயே கணுக்கால் பிசகியது. மூன்றாவது சுற்றில் லாரன் டேவிஸுடன் 3 மணி 44 நிமிடம். கடைசி செட்டில் 10-11 என்ற நிலையில் தன் சர்வீஸில் 0-40. மூன்று மேட்ச் பாயின்ட். மூன்றையும் காப்பாற்றி 4-6, 6-4, 15-13 என்று வென்றார். மொத்தம் 48 கேம்கள்; அந்தப் போட்டியில் பெண்கள் ஆட்டத்தின் சாதனைக்குச் சமம். அரையிறுதியில் கெர்பரிடம் இன்னும் இரண்டு மேட்ச் பாயின்ட்டைக் காப்பாற்றி 9-7. இறுதியில் வோஸ்னியாக்கியிடம் 7-6, 3-6, 6-4 என்று தோற்று, நீரிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தார். இவ்வளவையும் உடைக்கு விளம்பர நிறுவனம் எதுவும் இல்லாமல், இணையத்தில் வாங்கிய சாதாரணச் சிவப்பு உடையில் ஆடினார் என்பது ஒரு சுவையான துணுக்கு. உலகின் முதல்நிலை ஆட்டக்காரருக்கு அந்த நிலை! அந்தப் போட்டி முடிந்ததும் நைக்கி ஒப்பந்தம் வந்தது. முக்கியமானது என்னவென்றால், இந்த முறை தோல்விக்கு உடம்புதான் காரணம், மனம் உடையவில்லை.

ஐந்து மாதம் கழித்து, 2018 ஜூன் 9, பாரிஸ். எதிரே ஸ்லோன் ஸ்டீஃபன்ஸ். முதல் செட் 3-6, இரண்டாவதில் 0-2. போன ஆண்டு ஹாலெப் இருந்த இடத்தில் இப்போது எதிராளி. இங்கே அவர் செய்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்டீஃபன்ஸும் தற்காப்பில் தேர்ந்தவர். நீண்ட பரிமாற்றத்தில் பொறுமைப் போட்டி வைத்தால் அவருக்கே லாபம். ஹாலெப் அரையடி முன்னால் நகர்ந்தார். பந்து எழும்பும்போதே அடித்தார். பேக்ஹேண்டை நேராக விடத் தொடங்கினார். தொடர்ந்து நான்கு கேம்கள். ஸ்டீஃபன்ஸ் 4-4க்கு வந்தபோதும் பின்வாங்கவில்லை. இரண்டாவது செட் 6-4. மூன்றாவதில் 5-0வரை போய் 6-1.

2019 விம்பிள்டன் இறுதியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எதிரே செரீனா. அதற்குமுன் அவரோடு பத்து முறை ஆடி ஒன்பதில் தோல்வி. செரீனாவோ 24ஆவது கிராண்ட்ஸ்லாமுக்காகக் காத்திருந்தார். 56 நிமிடத்தில் 6-2, 6-2. ஹாலெப் தானாகச் செய்த பிழைகள் மூன்று. ஆட்டம் முழுவதற்கும் மூன்றே மூன்று! செரீனாவின் பிழைகள் 25-ஐ ஒட்டி. இதை வைத்து "செரீனா மோசமாக ஆடினார்" என்பவர்கள் அந்த ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். முடிந்துவிட்டது என்று செரீனா நினைத்த பந்துகள் திரும்பி வந்தன. அதுவும் சும்மா வரவில்லை, ஆழமாக வந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதலாக ஓர் அடி அடிக்க வேண்டியிருந்தால், கோட்டுக்கு இன்னும் நெருக்கமாகக் குறிவைக்கத் தோன்றும். பிழைகள் அங்கிருந்துதான் பிறந்தன. புல்லில் பந்து தாழ்வாக எழும்பியதும் குட்டையான, முழங்காலை மடக்கி ஆடும் ஹாலெப்புக்கு வசதி. விம்பிள்டன் ஒற்றையரை வென்ற முதல் ருமேனியர் அவர். நாஸ்டாசே 1972, 1976 இரண்டு இறுதியிலும் தோற்றவர். அந்த ஆண்டு கேஹில் குடும்பத்துக்காக விடுப்பில் இருந்தார். பெஞ்சில் இருந்த பயிற்சியாளர் டேனியல் டோப்ரே. கேஹிலிடம் கற்றது ஹாலெப்பிடம் தங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

2020இல் துபாய், பிராக், ரோம் பட்டங்கள். 2021இல் ரோமில் ஆடுசதை கிழிந்து பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், ஒலிம்பிக் மூன்றும் போயின. கேஹிலும் அந்த ஆண்டு பிரிந்தார். 2022 ஏப்ரலில் பயிற்சியாளர் பேட்ரிக் மொராட்டொக்லுவிடம் சேர்ந்தார். விம்பிள்டன் அரையிறுதி, ஆகஸ்டில் டொரொன்டோ பட்டம். அதுதான் 24ஆவது, கடைசியும். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்க ஓபன் முதல் சுற்றில் தகுதிச்சுற்றிலிருந்து வந்த டாரியா ஸ்னிகூரிடம் தோற்றார். அன்று எடுத்த சிறுநீர் மாதிரியில்தான் ராக்சாடுஸ்டாட் கிடைத்தது.

வழக்கைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் 2023 தீர்ப்போடு நின்றுவிடுகிறார்கள், மீதிப் பேர் "நிரபராதி என்று விடுவித்தார்கள்" என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு.

ராக்சாடுஸ்டாட் என்பது நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் ரத்தச்சோகைக்குத் தரும் மாத்திரை. ஆக்சிஜன் குறைவாக இருக்கிறது என்று உடம்பை நம்பவைக்கும். சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், சிவப்பணு பெருகும், தாங்குதிறன் கூடும். அதனால் எப்போதும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. 2022 அக்டோபர் 7 அன்று தற்காலிகத் தடை. 2023 மே மாதம் இரண்டாவது குற்றச்சாட்டு: உயிரியல் கடவுச்சீட்டில் முறைகேடு. இந்தக் கடவுச்சீட்டு குறிப்பிட்ட மருந்தைத் தேடுவதில்லை. ஹீமோகுளோபின், இளஞ்சிவப்பணு போன்ற அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து, அந்த ஆளுக்கு இயல்பான எல்லையைத் தாண்டும்போது நிபுணர் குழுவிடம் அனுப்பும்.

ஊக்கமருந்து விதிகளில் அடிப்படை இதுதான்: உடம்பில் பொருள் இருந்தாலே விதிமீறல். எப்படி வந்தது, எவ்வளவு கவனக்குறைவு என்பதெல்லாம் தண்டனையின் அளவுக்கு மட்டுமே. இந்த வகைப் பொருளுக்குத் தொடக்கத் தண்டனை நான்கு ஆண்டு. வேண்டுமென்று செய்யவில்லை என்று நிரூபித்தால் இரண்டு. கலப்படப் பொருள், பெரிய தவறில்லை என்று இரண்டையும் நிரூபித்தால் வெறும் எச்சரிக்கையிலிருந்து இரண்டு ஆண்டுவரை எதுவும் வரலாம். இதை நிரூபிக்கும் சுமை ஆட்டக்காரர் தலையில். "இல்லாததைவிட இருக்கவே வாய்ப்பு அதிகம்" என்ற அளவுக்கு நிரூபித்தால் போதும்.

2023 செப்டம்பர் 12 அன்று டென்னிஸ் தீர்ப்பாயம் நான்கு ஆண்டு விதித்தது. அவர் சாப்பிட்ட கொலாஜன் பொடியில் கலப்படம் இருந்ததை அது ஏற்றது. ஆனால் மாதிரியில் கிடைத்த அளவு, அந்தப் பொடியிலிருந்து மட்டும் வந்திருக்க முடியாது என்றது. கடவுச்சீட்டுக் குற்றச்சாட்டையும் உறுதிசெய்தது. நவம்பரில் மொராட்டொக்லு, அந்தப் பொடியைப் பரிந்துரைத்தது தன் குழுதான், பொறுப்பு தன்னுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் மூன்று நாள் விசாரித்து, மார்ச் 5 அன்று தீர்ப்புச் சொன்னது. பொடி வழியாகவே மருந்து புகுந்தது என்பதை அவர் தேவையான அளவுக்கு நிரூபித்துவிட்டார். பொடியைத் தேர்ந்தெடுத்ததில் ஓரளவு கவனக்குறைவு உண்டு, பெரிய தவறில்லை. தண்டனை ஒன்பது மாதம். கடவுச்சீட்டு விஷயத்தில் நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டிய எதிர்த்தரப்பு. அதுவும் கூடுதலான அளவுகோலில். 2022 செப்டம்பரில் ஓர் அறுவை சிகிச்சையை ஒட்டி அவர் தனியாகக் கொடுத்த ரத்தப் பரிசோதனை முடிவையும், அந்த ஆண்டு இனி ஆடப்போவதில்லை என்று முன்பே அறிவித்ததையும் சேர்த்துப் பார்த்தால் ஊக்கமருந்துக் கதை அவ்வளவு நம்பும்படி இல்லை என்று குற்றச்சாட்டைத் தள்ளியது. ஒன்பது மாதத் தடை 2023 ஜூலை 6ஆம் தேதியே முடிந்துவிட்டிருந்தது. அவர் வெளியே இருந்ததோ ஏறத்தாழ பதினேழு மாதம்.

இதில் மற்ற ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை விஷயம் ஒன்று உண்டு. உறையில் அச்சிட்ட பட்டியலைப் படித்தால் போதாது. கலப்படம் உறையில் இருக்காது. ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியையும் வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்ற பொருளையே வாங்க வேண்டும். தொகுதி எண், ரசீது, திறக்காத ஒரு டப்பா மூன்றையும் பத்திரமாக வைக்க வேண்டும். பிரச்சினை வந்தால் திறந்த டப்பாவின் சோதனை முடிவை எதிர்த்தரப்பு எளிதில் கேள்வி கேட்கும்.

2024 நவம்பரில் போலந்தின் இகா ஷ்வியான்டெக்கின் ஊக்கமருந்து வழக்கு ஒரு மாதத் தடையோடு முடிந்தபோது, தன்னை மட்டும் ஏன் வேறு மாதிரி நடத்தினார்கள் என்று ஹாலெப் கேட்டார். இரண்டு வழக்கிலும் பொருள், அளவு, நிரூபணத்தின் எளிமை எல்லாம் வேறு. அந்த அளவில் ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது. ஆனால் முதல் தீர்ப்புக்கே கிட்டத்தட்ட ஓராண்டு காக்கவைத்தது பற்றிய அவர் கோபம் நியாயமானதே.

திரும்பி வந்து அவரால் ஆட முடியவில்லை. 2024 மார்ச்சில் மயாமியில் படோசாவிடம் முதல் செட்டை 6-1 என்று வென்று தோற்றார். பிறகு முழங்கால் குருத்தெலும்பும் தோள்பட்டையும் மாறி மாறித் தடுத்தன. 2025 ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச்சுற்று வாய்ப்பையும் வலியால் விட்டார். பிப்ரவரி 4 அன்று, சொந்த நாட்டில் க்ளூஜ் நகரப் போட்டியின் முதல் சுற்றில் லூசியா ப்ரொன்செட்டியிடம் 6-1, 6-1 என்று தோற்றதும், மைதானத்திலேயே ஒலிவாங்கியை வாங்கி ஓய்வை அறிவித்தார். வயது 33, தரவரிசை 870.

அவர் ஆட்டத்தைப் பார்த்திராதவர்கள் விம்பிள்டன் இறுதியிலிருந்து தொடங்க வேண்டாம். அது எளிமையாகத் தெரிந்து ஏமாற்றும். முதலில் 2017 பாரிஸ் இறுதியின் இரண்டாவது செட்டை 3-0விலிருந்து பாருங்கள். ஒவ்வொரு கேமிலும் அவர் பேஸ்லைனுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் நிற்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். உடனே 2018 பாரிஸ் இறுதியின் இரண்டாவது செட்டை 0-2விலிருந்து போடுங்கள். அதே மைதானம், அதே கோடு, நிற்கும் இடம் மட்டும் வேறு. 2018 ஆஸ்திரேலிய ஓபனில் டேவிஸுடன் ஆடிய ஆட்டத்துக்கு முழுதாக நாலு மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் 10-11இல் அந்த ஒரு கேம் போதும். செரீனாவோடு ஆடிய 56 நிமிடத்தைக் கடைசியாக வையுங்கள். பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஹாலெப்பின் கால்களைப் பாருங்கள்.